பதினேழாவது கேள்வி

அஞ்சுவுக்கு ஐதராபாத்தில் இடம் கிடைத்து இருபது நாள் ஆகிறது. அதில் பன்னிரண்டு நாளை அவள் அப்பா ராஜமணி 'செரி' என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்வதற்கே எடுத்துக்கொண்டார். மீதி எட்டு நாளும் அம்மா ரத்னாபாயின் ஓட்டம்தான். பள்ளிக்கூடத்து டி.சி., சாதிச் சான்று, ராகிங் செய்ய மாட்டேன் என்று மகளும் அவளுக்காகப் பெற்றோரும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி, பத்துப் பன்னிரண்டு போட்டோ, வாளி, மக், கொசுவலை.

ஐந்து வருடக் கணிதப் படிப்பு. ஊர் அளவுக்குப் பெரிய யூனிவர்சிட்டி. வளாகத்துக்குள்ளேயே பஸ் ஓடுகிறதாம், ஏரி இருக்கிறதாம். பஸ்ஸைப் பற்றி அஞ்சு சொன்னபோது ரத்னாபாய் கேட்டுக்கொண்டாள். ஏரியைப் பற்றி அவள் கேள்விப்படாமலே இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை தம்பானூர் ஸ்டேஷனில் ரயில். தாயும் மகளும் போகிறார்கள். சேர்த்துவிட்டுத் தாய் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை விடிந்தபோது எல்லாம் முடிந்து ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. மருத்துவத் தகுதிச் சான்று.

அதில் பதினேழாவது கேள்வி: விண்ணப்பதாரருக்கு வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் ஏதேனும் உண்டா? ஆம், இல்லை.

'இல்லை'யைச் சுற்றி ரத்னாபாய் முந்தின நாளே பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"அம்மா, இது என்னது?" அஞ்சு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"பாத்தா தெரியல்லியா. பத்து மணிக்கு முக்குல உள்ள கிளினிக்ல டாக்டர் வருவாரு. பிரஷர் பாத்து ஒப்புப் போட்டுத் தருவாரு. அஞ்சு நிமிஷ வேலை."

"எனக்கு ஃபிட்ஸ் உண்டுன்னு அவருக்குத் தெரியாது."

"அதுக்குத்தான் அவருகிட்டப் போறோம்."

ரத்னாபாய் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ரெண்டு வருஷம் ஏழு மாசம் ஆச்சு மக்ளே. ஒண்ணும் வரல்ல. மாத்திரை போட்டுட்டு இருக்கே. பின்ன எதுக்கு எழுதணும்? ஒரு தடவை எழுதிக் கொடுத்தா அந்தத் தாள் ஒனக்குப் பின்னாலயே வரும். வேலைக்கு, கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும்."

"ஆறு மாசத்துக்கு மாத்திரைச் சீட்டு வேணும்லா. அதை ராஜஸ்ரீ டாக்டர்தான் தரணும். எப்படியும் அங்க போகணும். சான்றும் அவங்களே தரட்டும்."

"அவங்க உள்ளதை எழுதிருவாங்க."

"எழுதட்டும்."

வாதாட ரத்னாபாய்க்குத் தெம்பு இல்லை. வாட்டர் அத்தாரிட்டி ஆபீசில் இந்த மாதம் அவள் எடுக்கும் ஏழாவது லீவு இது. முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அங்கே போய் டாக்டரிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

*

டாக்டர் ராஜஸ்ரீயின் கிளினிக் குமாரபுரத்தில். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஊரெல்லாம் மலையாளம் பேசினாலும் தமிழ் ஆட்களைக் கண்டால் வீட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார். நாலாம் வகுப்பில் வகுப்பறையிலேயே அஞ்சு விழுந்த நாளிலிருந்து ஒன்பது வருடமாக அவர்தான் பார்க்கிறார். அஞ்சுவின் ஃபைல் இரண்டு விரல் கனத்துக்கு வளர்ந்திருந்தது.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள்.

"ஐதராபாத்தா? பேஷ். கணக்கா? அதைவிடப் பேஷ்." தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். பென்சில் வட்டத்தில் அவர் பார்வை ஒரு நொடி நின்று நகர்ந்தது. "கடைசியா எப்போ வந்தது?"

"டிசம்பர்ல டாக்டர்," என்றாள் ரத்னாபாய். "ரெண்டு வருஷம் ஏழு மாசம்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"ஏப்ரல் பதினொண்ணு," என்றாள் அஞ்சு.

பேனா நின்றது. "எந்த வருஷத்து ஏப்ரல்?"

"இந்த வருஷம்."

ரத்னாபாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அஞ்சு டாக்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் அதட்டவில்லை. எங்கே, எவ்வளவு நேரம், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்லாற்றில், நாலு நிமிஷம், கூட வந்த ரெம்யா போனில் நேரம் பார்த்தாள் என்று அஞ்சு சொன்னாள்.

"மாத்திரை?"

"முந்தின நாள் ராத்திரியும் அன்னைக்குக் காலையிலயும் விட்டுப்போச்சு."

"தூக்கம்?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டும் சேர்ந்தா வரத்தான் செய்யும்." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "படிக்கப் போகக் கூடாதுன்னு இல்லே குழந்தே. ஆனா இதை என்கிட்டே மறைச்சுட்டு நீ போயிருந்தா நான் பழைய டோஸையே எழுதிக் கொடுத்திருப்பேன். அது தப்பாப் போயிருக்கும்."

"அதான் இங்க வந்தேன்."

டாக்டர் மேஜை மேல் இருந்த ரப்பரை எடுத்துப் பென்சில் வட்டத்தை அழித்தார். ரத்னாபாயை நிமிர்ந்து பார்க்காமலே 'ஆம்' என்பதில் பேனாவால் குறியிட்டார்.

"ஒப்பு இப்போ போடல்லே. நாளைக்குக் காலையில தலைக்கு ஒரு இ.இ.ஜி. எடுத்துடுங்கோ. சாயங்காலம் ரிப்போர்ட் வரும். அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"சனிக்கிழமை காலையில ரயிலு டாக்டர்," என்றாள் ரத்னாபாய். அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"தெரியறது. ரிப்போர்ட் சரியில்லேன்னா ரயில் அடுத்த வாரமும் போகும்."

*

கிளினிக் வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. ரத்னாபாய் அதில் உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஒன்று வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

"அந்தப் பச்சைச் சுடிதாரு," என்றாள் கடைசியில். "ஆத்துல கால் வழுக்கி நனைஞ்சுதுன்னு சொன்னே. நான்தான் துவைச்சேன்."

"ஆத்துல நனைஞ்சது இல்ல அம்மா."

பரீட்சை முடிந்து பள்ளித் தோழிகள் நாலு பேர் பொன்முடிக்குப் போன நாள் அது. விடியற்காலை பஸ் என்பதால் முந்தின ராத்திரி ரெம்யா வீட்டில் தங்கினாள். பேச்சு சுவாரசியத்தில் யாரும் தூங்கவில்லை. மாத்திரை டப்பா வீட்டு மேஜையிலேயே இருந்துவிட்டது. மத்தியானம் திரும்பும் வழியில் கல்லாற்றில் இறங்கி, ஆற்றோரத்துக் கடையில் சாயா வாங்கிக்கொண்டு நின்றபோது அவளுக்கு வந்துவிட்டது. ரெம்யாவுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே விஷயம் தெரியும். பையைத் தலைக்கு அடியில் வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றி நின்றவர்களை விலக்கியிருக்கிறாள். அஞ்சுவுக்குத் தன்னையறியாமல் சிறுநீர் போய்ச் சுடிதார் நனைந்துபோனதால் ரெம்யாவே ஆற்றுக்குக் கூட்டிப்போய் அலசி விட்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ரத்னாபாய் சொன்னாள்.

"மூணு பிள்ளைகளுக்குத் தெரியும். சாயாக்கடைக்காரனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"சொன்னா நீ திரும்பவும் எனக்க ரூம்ல பாயை விரிப்பே."

ரத்னாபாய் காலில் தெறித்த மழைத்தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

"எட்டரை வருஷம் நீ தரையில கிடந்தே. எனக்க கணுக்கால்ல கையை வச்சிட்டே கிடப்பே. நான் புரண்டு படுத்தாப் போதும், எழும்பி உக்காந்திருவே. இந்த ஜனவரியிலதான், ரெண்டு வருஷம் ஆச்சுன்னு, ஒனக்க கட்டில்ல போய்ப் படுத்தே." அஞ்சு கீழே ஓடும் மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அதுக்குப் பிறவு நீ குறட்டை விட்டே. அடுத்த ரூம்ல எனக்குக் கேட்டுது. நீ குறட்டை விடுவேன்னே எனக்குத் தெரியாது அம்மா. அன்னைக்குக் கல்லாத்துல இருந்து வாறப்போ பஸ்ல அதையேதான் நினைச்சிட்டு இருந்தேன். சொன்னா அது நின்னுபோவும்."

அழுகை வரும் என்று ரத்னாபாய் நினைத்தாள். வரவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

"நீ செய்தது சரியில்ல," என்றாள்.

"தெரியும்."

"நான் அந்த வட்டம் போட்டதும் சரியில்ல."

அஞ்சு தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுத்து வந்த ஆட்டோவை ரத்னாபாய் கைகாட்டி நிறுத்தினாள்.

"சாலைக் கடைத்தெருவுக்குப் போவணும். உங்க அப்பாகிட்ட இப்பமே சொல்லிருவோம். நான் இதைச் சாயங்காலம் வரைக்கும் சுமக்க முடியாது."

*

சாலைக் கடைத்தெருவின் நடுவில் ராஜமணியின் இரும்புக் கடை. கீல், தாழ்ப்பாள், ஆணி, சங்கிலி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவருக்குக் கீல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் அந்த நேரத்தில் சேர்ந்து வந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

ரத்னாபாய் தணிந்த குரலில் சொன்னாள். சுருக்கமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

ராஜமணி கேட்டுக்கொண்டே கீலைத் தாளில் பொதிந்தார். வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாலு இஞ்சு கேட்டேன், இது மூணு," என்றார். மாற்றிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு ராஜமணி சொன்னார்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. ரெண்டையும்."

"அப்பா."

"இங்க இல்லாத படிப்பா? கார்யவட்டத்து யூனிவர்சிட்டியில கணக்கு இல்லியா? காலையில போயி சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். அங்க போயி விழுந்தா யாரு தூக்குவா? ஏரி வேற இருக்குன்னு சொல்லுகே."

இத்தனை நாளும் இதே ஏரியை நினைத்துப் பயந்தவள் ரத்னாபாய்தான். இப்போது என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாமல்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பதினோராம் தேதி நான் எங்க இருந்தேன்? ஆபீஸ்ல. நீங்க எங்க இருந்தீங்க? இந்த ஸ்டூல்ல. பிள்ள கல்லாத்துல தரையில கிடந்தா. நாம ரெண்டு பேரும் பக்கத்துலதான இருந்தோம். என்ன செய்ய முடிஞ்சுது?"

ராஜமணி மிச்சக் கீல்களை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

"பக்கத்துல வச்சிருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நானும் இத்தனை வருஷம் நினைச்சிட்டுத்தான் கிடந்தேன். அன்னைக்குப் பிள்ளையைப் பாத்தது அந்த ரெம்யா."

"ஐதராபாத்துல ரெம்யா இல்லியே," என்றார் ராஜமணி.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையான கேள்வியாக அது இருந்தது. அஞ்சுதான் பதில் சொன்னாள்.

"ஸ்ரீலக்ஷ்மி இருக்கா அப்பா. பாலக்காட்டுப் பிள்ள. புதுசாச் சேர்ற மலையாளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு, அதுல பழக்கம். ஹாஸ்டல் ஃபார்ம்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேர் எழுதியிருக்கோம், ஒரே ரூம் வேணும்னு. இதே ரயில்லதான் பாலக்காட்டுல ஏறுவா."

"அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா?"

அஞ்சு தலையைக் குனிந்தாள். "இன்னும் சொல்லல்ல."

ராஜமணி மேஜை மேல் சிந்திக் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"சொல்லு. அவ என்ன சொல்லுகான்னு பாத்துட்டு டிக்கெட்டைப் பத்திப் பேசலாம்."

*

கிள்ளிப்பாலத்து வீட்டுக்கு வந்து, சோறு சாப்பிட்டு, திறந்து கிடந்த பெட்டியைச் சுற்றி நடந்து நடந்து, சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அஞ்சு போனை எடுத்தாள்.

ஸ்ரீலக்ஷ்மி நிறுத்தாமல் பேசுகிற பெண். கெட்டில் ஹாஸ்டலில் விடுவார்களா, எத்தனை செட் உடுப்பு எடுத்திருக்கிறாய் என்று அவள் பேசி முடிக்கும்வரை அஞ்சு காத்திருந்தாள். பிறகு மலையாளத்தில் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அஞ்சு போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"நான் அம்மாகிட்ட சொல்லிட்டு விளிக்காம்," என்று கேட்டது. திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ராஜமணி கடையை ஆளிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இருவர் முகத்தையும் பார்த்தார், கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலின் மேல் இஸ்திரி போட்ட உடுப்புகள் அடுக்கியபடி இருந்தன. யாரும் அவற்றைப் பெட்டியில் வைக்கவில்லை. எடுத்து அலமாரிக்குள் திரும்ப வைக்கவும் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது. பேசியது ஸ்ரீலக்ஷ்மியின் அம்மா. அஞ்சு "ஆ, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை வராமல் நின்றாள். ரத்னாபாய் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு பள்ளியில் டீச்சராம். தப்பாக நினைக்கக் கூடாது, மோளுக்குப் பதினெட்டு வயதுதான், வீட்டை விட்டு எங்கும் போனதில்லை, இந்தப் பொறுப்பெல்லாம் அவளால் முடியுமா, ஒரு நேரம் ஏதாவது ஆகிவிட்டால் அவள் பயந்துபோவாளே என்றாள்.

இத்தனை வருடமாக யாரிடமிருந்தும் எந்த வார்த்தைகளைக் கேட்கக் கூடாது என்று ரத்னாபாய் எல்லாவற்றையும் மூடி வைத்தாளோ, அந்த வார்த்தைகள்தான். கேட்டுவிட்டாள். கேட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்றது நியாயம்தான் டீச்சர்," என்றாள் மலையாளத்தில். "முதல் தடவை எனக்கும் கை நடுங்கித்தான் போச்சு. எனக்கு அப்போ முப்பத்தொம்பது வயசு. என்ன செய்யணும்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களும் மோளும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. மாட்டேன்னு சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல."

அவள் சொன்னாள். விழுந்தால் பிடித்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இடிக்கிற மாதிரி இருப்பதை நகர்த்த வேண்டும். தலைக்கு அடியில் துணி ஏதாவது. ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், எச்சில் தொண்டைக்குள் போகாமல் இருக்க. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. கையில் சாவி, இரும்பு என்று எதையும் திணிக்கக் கூடாது; அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நேரம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். முழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும்.

ராஜமணி வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பு என்ற இடத்தில் அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

அந்த அம்மா இடையிடையே கேள்வி கேட்டாள். எத்தனை தடவை வந்திருக்கிறது, மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது, மேல் பெர்த்தில் படுக்கலாமா. ரத்னாபாய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஏப்ரலில் வந்ததையும் மறைக்கவில்லை. இருபது நிமிஷம் கழித்துப் போனை வைத்தபோது அவள் காது சூடாக இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அஞ்சு.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லுகாங்களாம்."

"இ.இ.ஜி. ரிப்போர்ட்டும் நாளைக்குச் சாயங்காலம்."

"ஆமா."

வெளியே ஆட்டோ ஒன்று யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"ரத்னா," என்றார் ராஜமணி. "அஞ்சு நிமிஷம் தாண்டினா என்னமோ சொன்னியே. அதுக்கு முன்னாடி உள்ளதையும் ஒருக்கா சொல்லு."

ரத்னாபாய் அவரைப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் ஒவ்வொரு தடவையும் கடைச் சாவிக்கொத்தை மகள் கையில் திணித்துவிட்டு, ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று தெருவுக்குப் போய் நின்றுவிடுகிற மனிதர். மகளின் முகம் இழுபடுவதை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாமல்தான் போகிறார் என்று ரத்னாபாய்க்குத் தெரியும். அதனால் ஒரு நாளும் கேட்டதில்லை.

"முதல்ல இருந்து சொல்லுகேன்," என்றாள். "இங்க வந்து உக்காருங்க."

"சொன்னாப் போதாது அம்மா," என்றாள் அஞ்சு. கொசுவலைக் கட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் மல்லாந்து படுத்தாள். "அப்பா, செஞ்சு பாருங்க."

ராஜமணி முதலில் பெட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, மகளின் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, எந்தப் பக்கம் என்பது போல மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இடப்பக்கம்," என்றாள் ரத்னாபாய்.

அவர் மெதுவாகத் திருப்பினார்.